பட்டாசுக்குள் மூன்று சீனம்

தீபாவளிச் சமயத்தில் சேத்தூர் கடைத்தெருவில் ஒரு பட்டாசுப் பொட்டலம் வாங்கினால், கொளுத்துமுன் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே பளபளக்கும் அச்சுப்படம். உள்ளே சுருட்டிய காகிதக் குழாய். குழாய்க்குள் மருந்து. அச்சு, காகிதம், வெடிமருந்து என்று சீனாவின் நான்கு பெரும் கண்டுபிடிப்புகளில் மூன்று ஒரே பொட்டலத்தில்! நான்காவது திசைகாட்டி. மேற்கே மலை எழும்பி நிற்கிற ஊரில் அது யாருக்கு வேண்டும்?

காகிதம் செய்யும் முறையை கி.பி. 105-இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி மன்னரிடம் சமர்ப்பித்தார். மரப்பட்டை, சணல், கந்தல், பழைய மீன்வலை எல்லாம் கூழாகின. தேதி போட்டுக் கிடைத்த மிகப் பழைய அச்சு நூல் 868-ஆம் ஆண்டின் பௌத்த சூத்திரம். தமிழ் எழுத்தில் ஒரு புத்தகம் கொல்லத்தில் அச்சேறியது 1578-இல்தான்.

வெடிமருந்தின் கதை வேறு. சாகாமல் இருக்க மருந்து தேடிய தாவோ ரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கியிருக்கிறார்கள். தாடியும் கையும் வெந்தன, வீடே எரிந்தது என்று ஒரு பழைய ஏடு எச்சரிக்கிறது. சீன மொழியில் அதன் பெயரே 'தீ மருந்து'. நாமும் வெடி'மருந்து' என்கிறோம். 1044-இல் தொகுத்த சீனப் போர்நூலில் அதன் செய்முறை இருக்கிறது. கரி எரிபொருள்; கந்தகம் சீக்கிரம் தீப்பிடிக்க வைக்கும்; வெடியுப்பு ஆக்சிஜன் தரும். அதனால்தான் காற்றுப் புகாத குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது.

அந்தப் பழைய கறுப்பு மருந்து சிவகாசியில் இன்றும் கருந்திரியில் உயிரோடு இருக்கிறது. நூலில் மருந்தைப் பூசிக் காயவைத்தால் கருந்திரி. பட்டாசின் பெரிய சத்தத்துக்கு இப்போது அலுமினியப் பொடி கலந்த மருந்து வந்துவிட்டது.

சிவகாசியின் பட்டாசுத் தொழில் சீனாவிலிருந்து நேராக வரவில்லை. 1922-இல் அவ்வூர்க்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் பெருகின. வானிலையும் கைகொடுத்தது: மழையை மேற்கு மலை பிடித்துக்கொள்ள, காய்ந்த காற்று மட்டும் சிவகாசிக்கு மிச்சம். விவசாயத்தைக் கெடுத்த வெயில் மருந்தை உலர்த்திக் கொடுத்தது. மலையடியில் தோப்பும் வயலுமாக இருக்கிற சேத்தூர்க்காரருக்கு இந்த வித்தியாசம் பஸ் ஜன்னலிலேயே தெரியும்.

ரசவாதியின் தாடி கருகிய கதையைப் படித்து நாம் சிரிக்கலாம், சிவகாசியில் சிரிக்க மாட்டார்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகும் வெடிவிபத்து நின்றபாடில்லை. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது, அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்ய நேரமும் கூலியும் கொடுப்பவர்கள்தான் குறைவு.

வாசகருக்கு ஒன்று: போன வருஷத்து நமுத்த வெடி வீட்டில் கிடந்தால், காயவைக்கிறேன் என்று அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி ஊறப்போடுங்கள்.