சங்கிலி கட்டிய சக்கரம்

தெசலி சமவெளியிலிருந்து மெட்சோவோ ஊருக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. பழையது கட்டாரா கணவாய் வழி. கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி 1,700 மீட்டர் வரை ஏறி மறுபக்கம் இறங்கும். புதியது எக்நாத்தியா நெடுஞ்சாலை. கிரேக்கத்தின் மேற்குக் கரையில் இருக்கும் இகுமெனிட்சா துறைமுகத்தில் தொடங்கி, துருக்கி எல்லை வரை 670 கிலோமீட்டர். பிண்டஸ் மலைத்தொடரைச் சுரங்கம் சுரங்கமாகத் துளைத்துக்கொண்டு போகிறது. 2009இல்தான் முழுமையாகத் திறந்தார்கள். நாங்கள் போனது ஜனவரியில். எங்கள் ஓட்டுநர் கட்டாரா பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் மலைச்சாலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் தாங்கு சுவருக்கும் வடிகாலுக்கும்தான் போகும். “என்னங்க, உங்களுக்கு விடுமுறையே கிடையாதா?” என்று என் மனைவி கேட்பதுண்டு. வடமேற்கு கிரேக்கத்தில், எபிரஸ் பகுதியின் மலையூர்களில் அவளும் தாங்கு சுவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அங்கே பார்ப்பதற்கு உரியவையே அவைதாம். கோடையில் போனால் பச்சை மரங்களும் சுற்றுலாக் கூட்டமும் கண்ணை மறைத்துவிடும். பனிக்காலத்தில்தான் இந்த ஊர்கள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன என்பது விளங்கும்.

முதலில் சாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய சாலைகளில் பனியைத் தள்ளும் வண்டி ஓடும்; பின்னாலேயே உப்பு தூவுவார்கள். உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கும். ஆனால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியை நெருங்கினால் அதன் வேகம் மந்தமாகிவிடும். கிளைச் சாலைகளில் சக்கரச் சங்கிலிதான் துணை. சங்கிலி இல்லாத வண்டியைப் பனி விழும் நாளில் போலீஸ் மேலே விடுவதில்லை. இஞ்சின் இழுக்கும் சக்கரங்களில் கட்ட வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். பனி இல்லாத தார் வந்ததும் இறங்கிக் கழற்ற வேண்டும். கை விறைத்துப்போகும். அதைவிட ஆபத்து பாலங்கள். தரைமேல் போகும் சாலைக்கு மண்ணின் வெப்பம் கொஞ்சம் இருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் காற்றுதான். அதனால் சாலை ஈரமாக மட்டும் இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும், கண்ணாடிபோல, கண்ணுக்கே தெரியாமல். ஓட்டுநர் ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் கியரைக் குறைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மெட்சோவோ விளாக் இனத்தாரின் ஊர். ருமேனிய மொழிக்கு உறவான ஒரு மொழி அவர்களுடையது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள். கோடையில் மலையில் மேய்ச்சல். பனிக்கு முன் மந்தையோடு தெசலி சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். இந்தப் பருவ இடப்பெயர்ச்சியை 2019இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கு ஆடுகள் லாரியில் இறங்குகின்றன. ஊரின் பெருமை மெட்சோவோனே என்ற புகையூட்டிய பாலாடைக்கட்டி. உருளையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். துண்டு போட்டு நெருப்பில் வாட்டித் தருவார்கள். வெளிநாட்டுக்குப் போய்ப் பொருள் சேர்த்த மெட்சோவோக்காரர்கள் சம்பாதித்ததை ஊருக்கும் நாட்டுக்கும் திருப்பித் தந்தவர்கள். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்குக்காகப் பழைய பளிங்கு அரங்கைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்த ஜார்ஜ் அவெரோஃப் இந்த ஊர்க்காரர்தான்.

மெட்சோவோவிலிருந்து யோவானினா நகரம் வழியாக வடக்கே போனால் ஸகோரி. 46 ஊர்கள் கொண்ட ஒரு மலைநாடு. 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கேதான் நாங்கள் அதிக நாள் தங்கினோம்.

ஸகோரி வீடுகளில் எல்லாமே கல். கூரையும் கல்: கடப்பாக் கல்லைப்போலத் தட்டையாகப் பிளந்த பலகைகளை மரச்சட்டத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆணியே கிடையாது. தன் எடையால்தான் நிற்கிறது. அதன்மேல் முழங்கால் உயரப் பனி. இத்தனை பாரத்தைத் தாங்கும் சுவரில் இடையிடையே மரப்பட்டிகளைப் படுக்கைவசத்தில் பதித்திருக்கிறார்கள். நிலநடுக்கம் வந்தால் சுவர் பிளக்காமல் பிடித்துக்கொள்ள இது உதவும். தெருவைப் பார்த்த பக்கம் சின்ன ஜன்னல்கள், உயரமான மதில், மதிலில் கூரை போட்ட வாசல். உள்ளே நுழைந்தால் முற்றம். காற்று அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கூரை அல்ல, காடு. ஓர் ஊரின் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கஃபெனியோ என்பார்கள். நடுவில் விறகு அடுப்பு, அதன் குழாய் கூரை வழியே வெளியே போகும். வெளியே சுற்றுமலைகள் மொட்டையாகக் கிடக்க, ஊருக்கு நேர் மேலே மட்டும் ஒரு துண்டு காடு அடர்ந்து நின்றது. கடைக்கார அம்மாவிடம் ஓட்டுநரை விட்டுக் கேட்கச் சொன்னேன். “அதை வெட்டினால் சாமி தண்டிக்கும்” என்றாராம். உண்மையில் தண்டித்தது திருச்சபை. ஊர்களுக்கு மேலே உள்ள காட்டில் மரம் வெட்டுபவனைச் சபையிலிருந்தே விலக்கிவைப்போம் என்று பாதிரியார்கள் அறிவித்து வைத்திருந்தார்கள். பல நூற்றாண்டுக் கட்டுப்பாடு. ஸகோரியிலும் பக்கத்திலுள்ள கோனிட்சாவிலும் இப்படிப்பட்ட காடுகள் பல இன்னும் நிற்கின்றன. ஓக், மேப்பிள், பீச் மரங்கள், சில மிகப் பழையவை. யோவானினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றை விரிவாகப் படித்திருக்கிறார்கள்.

எனக்கு இது பக்தியாகத் தெரியவில்லை, பொறியியலாகத் தெரிந்தது. வேர்கள் சரிவைக் கட்டிப்போடுகின்றன. உருளும் பாறையை மரங்கள் நிறுத்துகின்றன. பனி ஒரேயடியாகச் சரிந்து ஊர்மேல் விழாமல் தடுக்கின்றன. வசந்தத்தில் உருகும் நீரை மெதுவாக ஊற்றுக்கு அனுப்புகின்றன. நாங்கள் கம்பி வலையும் கான்கிரீட்டும் வைத்துச் செய்ய முயலும் வேலை. விறகுக்குக் காசு கொடுக்க முடியாத ஏழை, கண்ணெதிரே நிற்கும் மரத்தைத் தொடாமல் அடுத்த மலைக்கு நடந்திருக்கிறான். வெறும் அரசாணையால் அது நடந்திருக்காது.

கடைக்கார அம்மா கொண்டுவந்து வைத்த அலெவ்ரோபித்தாவைச் சொல்லாமல் விடக்கூடாது. மாவும் முட்டையும் கரைத்து, மெல்லிசாகத் தட்டில் ஊற்றி, மேலே ஃபெட்டா பாலாடைக்கட்டி தூவிச் சுடுவது. அடுக்கு மாவை இழுத்து நேரத்தைக் கழிக்க முடியாதவர்களின் பலகாரம். ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். என் மனைவி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

விகோஸ் பள்ளத்தாக்கைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அகலத்தை ஒப்பிடும்போது ஆழம் மிக அதிகம் என்பதால் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. விளிம்புக்கு விளிம்பு 1,100 மீட்டர், ஆழம் 900 மீட்டர். நாங்கள் போன அன்று உள்ளே மூடுபனி மட்டும் தெரிந்தது. பரவாயில்லை. அதைவிட வ்ராடெட்டோ படிகள் எனக்கு முக்கியம். ஸகோரியின் உச்சியில் 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு 1970களில்தான் சாலை வந்தது. அதுவரை செங்குத்தான பாறையில் வளைந்து வளைந்து ஏறும் கல்படிதான் ஒரே வழி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். கோவேறு கழுதை ஏறுவதற்காக ஒவ்வொரு படியையும் அகலமாகவும் தாழ்வாகவும் வைத்திருக்கிறார்கள். திருப்பங்களின் சரிவைக் கண்ணால் அளந்து பார்த்தேன். குறை சொல்ல முடியவில்லை.

போரும் இந்தச் சரிவுகளில்தான் நடந்தது. 1940 அக்டோபர் 28 அன்று இத்தாலியப் படை அல்பேனியாவிலிருந்து உள்ளே வந்தது. மலைப் போருக்குப் பழகிய ‘ஜூலியா’ படைப்பிரிவு பிண்டஸுக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. வாகனமும் கழுதையும் போக முடியாத இடங்களுக்கு ஊர்ப் பெண்கள் தோட்டாப் பெட்டிகளை முதுகில் சுமந்து ஏறினார்கள். அஸ்ப்ராங்கெலி ஊர் அருகே அவர்களுக்கு ஒரு சிலை இருக்கிறது. பனி படிந்த சாலையில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனோம்.

பாலங்களுக்கு வருகிறேன். கீபி ஊரைச் சுற்றிலும் கல் வளைவுப் பாலங்கள். கொக்கோரோஸ் பாலம் 1750இல் கட்டியது, ஒற்றை வளைவு. பிளாக்கிதாஸ் பாலம் 1814இல், மூன்று வளைவு. மரத்தால் தாங்கு சட்டம் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகக் கல்லை ஏற்றி, உச்சிக்கல்லை இறுக்கிய பிறகு சட்டத்தைக் கழற்றுவார்கள். பணம் கொடுத்தவர் அல்லது பழுது பார்த்தவர் பெயரோ, பக்கத்து ஆலைக்காரர் பெயரோ பாலத்துக்கு நிலைத்துவிடும். கோனிட்சாவில் ஆவோஸ் ஆற்றின் மேல் நிற்கும் பெரிய வளைவின் அடியில் ஒரு சின்ன மணி தொங்குகிறது. காற்று பலமாக அடித்தால் மணி அடிக்கும். அப்போது யாரும் பாலம் ஏறக்கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத காலத்து எச்சரிக்கைப் பலகை அது.

இந்தப் பாலங்கள் என்றைக்கும் விழாதவை என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கே ட்சூமெர்கா மலையில், ஆரக்தோஸ் ஆற்றின் மேல் 1866இல் கட்டிய பிளாக்கா பாலம் 40 மீட்டர் அகல ஒற்றை வளைவு. 2015 பிப்ரவரி முதல் தேதி வெள்ளத்தில் அதன் நடுப்பகுதி இடிந்து விழுந்தது. அதே உருவத்தில் கல்லாலேயே திரும்பக் கட்டினார்கள். அந்த வேலைக்குக் கணக்குப் போட்டவர்கள் மேல் எனக்குப் பொறாமை.

பழைய பாலங்களையும் வீடுகளையும் கட்டிய கொத்தனார்கள் கோனிட்சா பக்கத்து ஊர்களிலிருந்து குழுக்களாகப் போனவர்கள். தங்களுக்குள் பேச ஒரு ரகசிய மொழியே வைத்திருந்தார்கள். இப்போது அந்த ஊர்களில் முதியவர்கள்தான் மிச்சம். 1990களுக்குப் பிறகு எல்லை தாண்டி வந்த அல்பேனியக் கொத்தனார்கள்தான் ஸகோரியின் கல்வேலையைப் பெரிதும் தூக்கி நிறுத்துகிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு கொட்டகையில் பார்த்தேன். உறைபனியில் சுண்ணாம்புச் சாந்து இறுகாது. அதனால் சுவர் வேலை நின்றிருந்தது, கூரைக்கான பலகைக் கற்களை மட்டும் பிளந்து அடுக்கிக்கொண்டிருந்தார். எப்போது கட்டுவீர்கள் என்று சைகையில் கேட்டேன். மார்ச், ஏப்ரல் என்று விரல் விட்டுக் காட்டிவிட்டு, அடுத்த கல்லை எடுத்தார்.