தோத்த மேட்சையும் எழுதுங்க!



கம்ப்யூட்டர் கேம்னு சொன்னா கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையும்தான் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் சொல்லப்போறது வேற மாதிரி. இதுல நீங்க பந்தை உதைக்கவே முடியாது! யாரை இறக்கணும், யாரை வாங்கணும், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்வது மட்டும்தான் உங்க வேலை. நீங்கதான் மேனேஜர். கேமின் பெயர் 'ஃபுட்பால் மேனேஜர்'.

இது பிறந்த கதை

இங்கிலாந்தில் பால் காலியர், ஆலிவர் காலியர் என்று அண்ணன் தம்பி இருவர். அவர்கள் உருவாக்கி 1992-ல் வெளிவந்த கேம்தான் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்'. பிறகு வெளியீட்டாளரோடு பிரிந்ததால், 2004 முதல் அவர்களுடைய கேம் 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் வருகிறது. இதில் உள்ள வீரர்களின் தகவல் திரட்டைப் பயன்படுத்த 2008-ல் எவர்டன் கிளப்பே ஒப்பந்தம் போட்டது. விளையாட்டுக்காகச் சேர்த்த தகவலை நிஜக் கிளப்பே கேட்டு வாங்கியிருக்குன்னா பாருங்களேன்!

எப்படி ஆடுவது?

ஒவ்வொரு வீரருக்கும் பாஸ், வேகம், உழைப்பு, மன உறுதி என்று பல திறமைகளுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. நம்ம ரேங்க் கார்டு மாதிரிதான். ஆனா மதிப்பெண் மட்டும் போதாது. களைப்பு, காயம், மனநிலை எல்லாமே ஆட்டத்தை மாத்தும். நல்ல வீரரைத் தொடர்ந்து வெளியில உட்கார வச்சா கோவிச்சுக்கிட்டு வந்து நிற்பார். தொடர்ந்து தோத்தா நிர்வாகம் நம்மையே வேலையை விட்டுத் தூக்கிடும்.

நான் எடுத்தது 2024 பதிப்பில் அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற சின்ன அணி. பணக்கஷ்டத்தால் 1962-ல் லீக்கை விட்டே வெளியேறிய பெயர் அது. 1968-ல் புதிதாகத் தொடங்கிய கிளப், 2006-ல்தான் மறுபடி லீக்குக்குள் வந்தது. நான் எடுத்தபோது நான்காம் நிலையில் இருந்தது. அங்கே 24 அணிகள், ஆளுக்கு 46 மேட்ச். கடைசி 2 இடம் பிடித்தால் கீழே தள்ளிடுவாங்க.

நோட்டு எப்படி வந்தது?

சனி, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் கம்ப்யூட்டர் தருவாங்க. போன வாரம் என்ன செஞ்சேன் என்பதே மறந்துபோகும். அதனால பழைய நோட்டு ஒன்றில் மேட்ச் முடிஞ்சதும் தேதி, கிழமை, அணி, ஸ்கோர் எழுத ஆரம்பிச்சேன்.

இங்கேதான் ஒரு உண்மையைச் சொல்லணும். சொந்த மைதானத்தில் வால்சாலிடம் 0–3. நோட்டில் எழுதிட்டேன். ஆனா மனசு கேட்கலை. முன்னாடி 'சேவ்' பண்ணி வச்சதைத் திறந்து அதே மேட்சை மறுபடி ஆடினேன். 1–1! அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு.

ஒரு நாள் அக்கா நோட்டையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்திப் பார்த்தா. "டேய், நோட்டுல 11 தோல்வி இருக்கு, இதுல 7தானே காட்டுது. மிச்சம் 4 எங்கடா போச்சு?" என்று கேட்டா. எனக்கு முகமே செத்துப்போச்சு.

அன்னைக்கு உட்கார்ந்து 19 மேட்சையும் படிச்சேன். அப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. செவ்வாய்க்கிழமை மேட்ச் மொத்தம் 7. அதில் 6 தோல்வி! சனிக்கிழமை ஆடின அதே 11 பேரைச் செவ்வாயும் இறக்கியிருக்கேன். பசங்க களைச்சுப்போயிருக்காங்க. களைப்பைக் காட்டும் சின்னம் பக்கத்துலயே இருக்கு, நான்தான் கவனிக்கலை. மறுபடி ஆடும்போது 1–1 வந்தது என் திறமையால் இல்லை. கேமில் ஒரே அணியை இறக்கினாலும் ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் மாறும். எனக்கு அதிர்ஷ்டம் அடிச்சுது, தப்பு அப்படியே இருந்தது.

நீங்களும் எழுத விரும்பினால்:

1. மேட்சுக்கு முன்னாடியே உங்க முடிவையும் காரணத்தையும் எழுதுங்க. ஜெயிச்ச பிறகு எழுதினா எல்லாருமே புத்திசாலிதான்!
2. பேனாவால் எழுதுங்க. பென்சில் வேண்டாம்.
3. ஸ்கோரோடு கிழமை, களைப்பு, காயம் மூன்றையும் குறிச்சு வையுங்க.
4. 10 மேட்சுக்கு ஒரு தடவை முதலிலிருந்து படிங்க. ஒரு மேட்சில் தெரியாதது பத்தில் தெரியும்.

அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் 4, 5 பேரை மாத்தி இறக்கினேன். அப்பவும் தோத்தேன், ஆனா எல்லா வாரமும் இல்லை. சீசன் முடிவில் 16-வது இடம். கோப்பையும் இல்லை, மாலையும் இல்லை. ஆனா அந்த நாளுக்குப் பிறகு ஒரு மேட்சைக்கூட மறுபடி ஆடலை.

இப்ப கணக்கு நோட்டிலும் தப்பான விடையை ரப்பர் போட்டு அழிக்கிறதில்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதுறேன். எங்கே தப்பினேன்னு பரீட்சைக்கு முன்னாடி பார்க்க வேண்டாமா?



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்