சுல்தான்கானும் இந்தியத் தற்காப்பும்

அனுமந்தையை அடுத்த மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகள் சதுரஞ் சதுரமாக வரப்பிட்டுக் கிடக்கும். காண்போர்க்குச் சதுரங்கப் பலகை நினைவுக்கு வருதல் இயல்பே. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மாமல்லபுரம் வரும். 2022ஆம் ஆண்டில் உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்ற ஊர் அதுவே. ஆயினும், நம் நாட்டார் இவ்விளையாட்டில் உலகை வியக்கச் செய்தது அதற்குப் பல்லாண்டு முன்னரேயாம்.

பண்டை இந்திய ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய ஆட்டத்திலோ இரண்டு கட்டம் பாயலாம். ஆதலின் நம்மவர் பலகையின் நடுவிடத்தைக் காலாட்களால் விரைந்து கைப்பற்ற முயலார். காய்களைப் பின்னிருந்தே ஒழுங்குபடுத்தித் தக்க காலம் பார்த்திருப்பர். கல்கத்தாவில் மகேசச்சந்திர பானர்ஜி என்பார் காக்ரேன் என்னும் வழக்கறிஞரோடு 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வாறே ஆடினார். அந்நாளில் அதனைப் போற்றினார் அரியர். 1920ஐ அடுத்த ஆண்டுகளில் நிம்சோவிச், இரேட்டி முதலிய புதுநெறியினர் நடுவிடத்தைத் தொலைவிலிருந்தே அடக்கலாம் என்று நிறுவினர். அக்காலத்தே இத்தகைய தொடக்கங்கட்கு 'இந்திய' என்னும் அடைமொழி ஐரோப்பாவில் நிலைபெற்றது.

அந்நாளைய பஞ்சாபில் பிறந்தவர் மீர் சுல்தான்கான். இந்திய முறையில் ஆடி வளர்ந்த அவர், உமர் ஹயாத்கான் என்னும் செல்வர் ஆதரவில் 1929இல் இலண்டன் சென்றார். ஐரோப்பியர் நூல்களிற் பயின்ற தொடக்க முறைகள் அவருக்குப் பழக்கமில்லாதவை. ஆயினும் அவ்வாண்டே பிரித்தானிய வாகைப் பட்டத்தை வென்றார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அதனைப் பெற்றார்.

1930-31இல் ஹேஸ்டிங்சு நகரில் முன்னாள் உலக வாகையரான காப்பபிளாங்காவை அவர் எதிர்த்தார். வியப்பு யாதெனின், அன்று 'அரசியின் இந்தியத் தற்காப்பை' மேற்கொண்டவர் கியூபா நாட்டவரான காப்பபிளாங்காவே! வெள்ளைக் காய்களை ஆடிய சுல்தான்கான், ஐந்தாம் நகர்வில் ஓரத்துக் காலாளை ஒரே கட்டம் மெல்ல நகர்த்தினார். இடையில் தம் அரசியைக் கொடுத்து இரண்டு யானைகளைக் கொண்டார். எதிரியின் அரசியோ பலகையின் ஓரத்தே செயலற்று ஒடுங்கியது. 65ஆம் நகர்வில் வெற்றி அவரதாயிற்று.

1933இன் இறுதியில் அவர் தாயகம் திரும்பினார். 1950இல் உலகச் சதுரங்கக் கழகம் முதன்முதலாகப் பெருவல்லுநர் பட்டங்களை வழங்கியபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. 1966இல் சர்கோதாவில் மறைந்தார். அக்கழகம் அவர்க்கு மதிப்புறு பெருவல்லுநர் பட்டம் அளித்தது 2024இல்.