வரிக்குதிரை மீன்

உயிர்களுள் சில தனித்து வாழும் இயல்பின. சில கூடி வாழும் இயல்பின. காக்கையும் எறும்பும் இனத்தோடு கூடி வாழ்தலை நாம் நாள்தோறும் காண்கிறோம். நீரிலும் அத்தகைய உயிர்கள் பல உள. அவற்றுள் ஒன்று வரிக்குதிரை மீன். விரல் நீளமும் இல்லாத இம்மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து மகிழ்வோர் உலகெங்கும் உளர். அதனை வளர்க்கும் முறையை இங்குக் காண்போம்.

கங்கை, பிரமபுத்திரா ஆகிய ஆறுகளைச் சார்ந்த சிற்றோடைகளும் நெல்வயல்களும் இம்மீனின் தாயகம். பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விவரித்துள்ளார். வெள்ளி போல் ஒளிரும் உடலில் நீலக் கோடுகள் வால் நுனிவரை ஓடுவதால் இஃது இப்பெயர் பெற்றது.

ஓடையில் இம்மீனுக்குப் பகைவர் பலர். கூட்டமே அதற்குக் காவல். பல கண்கள் விழித்திருப்பதால் ஆபத்து விரைவில் தெரிந்துவிடும். ஒரு மீன் காயமுற்றால், அதன் தோலிலிருந்து கசியும் ஒரு பொருளை உணர்ந்து மற்றவை எச்சரிக்கை அடையும். தனியே விடப்பட்ட மீனோ அஞ்சி ஒதுங்கும். ஆதலின், ஆறு மீன்களுக்குக் குறையாமல் ஒருங்கே வளர்த்தல் வேண்டும். இவை ஓயாது நீந்துவன, துள்ளிக் குதிப்பன. ஆகவே, தொட்டி நீளமாகவும் மூடியுடனும் இருத்தல் நன்று.

மீன் வளர்க்கத் தொடங்குவோர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். புதிய தொட்டியில் நீர் நிரப்பி, அன்றே மீன்களை விட்டுவிடுகின்றனர். சில நாள்களில் மீன்கள் மடிகின்றன. காரணம் யாது? மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. பாக்டீரியாக்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை மணலிலும் வடிகட்டியிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீனில்லாத் தொட்டியில் நாள்தோறும் சிறிது மீனுணவு இட்டுக் காத்திருத்தல் வேண்டும். நன்கு நடைபெறும் பழைய தொட்டியின் மணலில் ஒரு பிடி இட்டால் இப்பணி விரைவுபெறும். பின்னர் வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டும் மாற்றுக. குளோரின் கலந்த குழாய்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுக. இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. எஞ்சிய உணவு அழுகி நீரைக் கெடுக்கும்.

இனி, இனப்பெருக்கத்தைக் காண்போம். ஆண்மீன் மெலிந்து பொன்னிறச் சாயல் கொண்டிருக்கும். முட்டை நிறைந்த பெண்மீனின் வயிறு பருத்திருக்கும். சிறிய தொட்டியொன்றின் அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, ஆழமின்றி நீர் ஊற்றி, மாலையில் ஒரு பெண்மீனையும் இரண்டு ஆண்மீன்களையும் விடுதல் வேண்டும். விடியலொளி பட்டதும் ஆண்மீன்கள் பெண்மீனைத் துரத்தும். பெண்மீன் முட்டைகளைச் சிதறும். ஒரு காலையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளும் கிடைக்கலாம்.

வியப்பு யாதெனின், பெற்ற மீன்களே அம்முட்டைகளைத் தின்னத் தொடங்கும்! ஓடையில் கூழாங்கற்களின் இடுக்கு தரும் காப்பினை இங்குக் கோலிகள் தருகின்றன. முட்டையிட்டு முடிந்தவுடன் பெரிய மீன்களை அகற்றிவிட வேண்டும்.

முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவினது; கண்ணாடி போல் தெளிந்தது. ஏறத்தாழ ஒரு நாள் கழிந்ததும் உருப்பெருக்கியால் நோக்கினால், உள்ளே சின்னஞ்சிறு இதயம் துடிப்பதைக் காணலாம். வெதுவெதுப்பான நீரில் மூன்றாம் நாளளவில் குஞ்சு வெளிவரும். ஐந்தாம் நாளளவில் நீந்தி இரை தேடும். அப்போது பசுநீரில் வளரும் நுண்ணுயிர்களே அதற்கு ஏற்ற உணவு. நன்கு பேணினால் மூன்று திங்களில் அது முழு வளர்ச்சி பெறும்.

இத்தெளிவே இம்மீனை அறிவியற் கூடங்களுக்கும் கொண்டு சென்றது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் என்னும் அறிஞர் இதனைக் கொண்டு ஆய்ந்து, 1981-ஆம் ஆண்டில் சிறந்ததோர் ஆய்வுரையை வெளியிட்டார். இதன் இதயத்தில் ஒரு பகுதியை நீக்கினாலும் அது மீண்டும் வளரும் என்பது 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனிதரின் மரபணுக்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு இம்மீனில் இணை உண்டு என 2013-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர்.

மாணவர்களே! தொட்டிமீன் தன் இரையைத் தானே தேட இயலாது. கெட்ட நீரைவிட்டு ஓடவும் இயலாது. அதன் ஓடையை நாம் எடுத்துக்கொண்டோம்; ஆதலின், ஓடை அளித்த துணையையும் தூய நீரையும் நாமே அளித்தல் கடமையாகும். அலுத்துவிட்டதென்று அதனை ஊர்க்குளத்தில் விடுதலும் தகாது. வேற்றிட மீன் அங்குள்ள உயிர்களுக்குத் தீங்காகலாம். வளர்க்கக் கருதுவோர், முதலில் காத்திருக்கக் கற்றுக்கொள்க.