குரோமியக் குவியலும் நமது கிணறுகளும்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1995-இல் மூடப்பட்டது. தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்பை உற்பத்தி செய்த அவ்வாலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை வளாகத்திலேயே விட்டுச் சென்றது. உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களுள் ஒன்றாக, 2006-இல் அமெரிக்க நிறுவனமொன்று ராணிப்பேட்டையைக் குறிப்பிட்டது.

கழிவிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரைவது. மழைதோறும் அது மண்ணுள் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. சில கல் தொலைவிலேயே பாலாறு உள்ளது.

குவியலை அப்புறப்படுத்த வேண்டுமென்பது சுற்றுப்புற மக்களின் நெடுநாளைய கோரிக்கை. அது நியாயமானதே. ஆயினும் அள்ளிச் சென்றாலும், இருந்த இடத்திலேயே மூடினாலும், ஏற்கெனவே கீழிறங்கிய நஞ்சு நிலத்திலேயே தங்கும். ஆகவே, நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் பணியும் சேர்ந்தாலன்றி எத்திட்டமும் பூர்த்தியாகாது. அதன் பின்னரே அந்நிலத்தின் மறு உபயோகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இக்கோரிக்கைக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. மாசுபடுத்தியவரே நஷ்ட ஈட்டையும், சுற்றுச்சூழலைச் சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டுமென, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அங்கத்தினர்கள் தத்தம் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக்கூடத்திற்கு அனுப்புவார்களாக. உப்புப் பரிசோதனை மட்டும் போதாது. குரோமியத்தையும் சோதிக்குமாறு எழுதிக் கேட்க வேண்டும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேலிருப்பின் அந்நீர் குடிப்பதற்கு உகந்ததன்று. காய்ச்சினாலும் குரோமியம் நீங்காது. முடிவுகளைச் சங்கப் பொதுக்குழுவிலும் கிராம சபையிலும் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.