சாம்பிராணிக்கும் தாளிக்கத் தெரிய வேண்டும்

தாளிக்கத் தெரிந்தவருக்குச் சாம்பிராணி போடத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் காய்ந்ததா என்று பார்த்துக் கடுகைப் போடுகிறோம். அது வெடித்ததும் உளுத்தம்பருப்பு, பிறகு மிளகாய் வற்றல், இறக்கும் நேரத்தில் கறிவேப்பிலையும் பெருங்காயமும். எண்ணெய் மிஞ்சிக் காய்ந்துவிட்டால் எல்லாம் கருகிக் குழம்பே கசக்கும். காயாமல் போட்டால் கடுகு ஊறிக்கிடக்கும், வாசனை எழும்பாது. சூடு, வரிசை, நேரம் என்ற மூன்றுக்குள் தாளிப்பின் வித்தை அடங்கிவிடுகிறது. தூபக்காலிலும் இதே மூன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போடும் புகையோ, கண்ணேறு கழிக்கப் போடும் புகையோ, விதி ஒன்றே.

முதலில் சூடு. கொட்டாங்குச்சியைக் கொளுத்தித் தணலாக்கினால், செக்கச்செவேல் என்று இருக்கும்போது அதன் மேற்பரப்பு 500 டிகிரிக்கு மேல் போய்விடும். அவசரக்காரர்கள் அப்போதே ஒரு பிடி தூவிவிடுவார்கள். சுர்ரென்று தீப்பிடித்து, கரும்புகை கிளம்பி, தார் காய்ச்சிய நாற்றம் அடிக்கும். ‘கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், கலப்படச் சரக்கு’ என்ற புலம்பலில் பாதி இந்த அவசரத்தால் வருவது. சற்றுப் பொறுத்தால் தணலின் மேல் சாம்பல் படியும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்தப் பக்குவம். வாணலியில் எண்ணெய் பார்க்கும் வேலையை இங்கே சாம்பல் பார்க்கிறது: தீயின் கொதிப்பைத் தான் வாங்கிக்கொண்டு, பொருளுக்குத் தேவையான சூட்டை மட்டும் விடுகிறது. ஜப்பானியரின் கோதோ என்ற நறும்புகைக் கலையில் இன்னும் ஒரு படி மேலே போய், கரியைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே மெல்லிய மைக்கா தகடு வைத்து, அதன்மேல் அகில் சிம்பை வைக்கிறார்கள். புகை ஏறக்குறைய இல்லாமல் மணம் மட்டும் வருகிறது.

சாம்பிராணிக் கட்டியைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்கலாம். நல்ல கட்டியை உடைத்தால் பழுப்புக்கு நடுவே பால்வெள்ளைத் துணுக்குகள் தெரியும். நீறு பூத்த தணலில் ஒரு துண்டை வைத்தால் ஓரம் பளபளத்து, இளகி, சிறு குமிழ்கள் விட்டு, அதன்பிறகுதான் வெண்புகை இழையாக எழும். அதில் நிறைய இருப்பது பென்சாயிக் அமிலமும் அதன் உறவுக்காரப் பொருள்களும். பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் உருகும். சூட்டில் ஆவியாகி, மேலே காற்றுப் பட்டதும் குளிர்ந்து மறுபடி நுண்ணிய துகள்களாக உறையும். புகை அத்தனை வெள்ளையாக, அடர்த்தியாக இருப்பதற்கு இதற்கும் பங்குண்டு. தொண்டை கரகரப்பதற்கும் இதே ஆசாமி காரணம். கடை ஊறுகாய் பாட்டிலில் பதப்படுத்தும் பொருள் 211 என்று போட்டிருந்தால், அது இந்த அமிலத்தின் சோடியம் உப்பு. சாம்பிராணியில் வெனிலினும் கொஞ்சம் உண்டு. அந்த இனிப்பு வாசனை அதிலிருந்து வருகிறது. தீப்பிடித்தால் இவை பெரும்பாலும் எரிந்தே போகும். மூக்குக்கு மிஞ்சுவது கரி.

இந்தப் பிசின் நம்மூர் மரத்தில் வடிவதில்லை. சுமத்திராவின் மலைக்காடுகளில் மரப்பட்டையைக் கீறி, வடிந்து இறுகியதைச் சுரண்டி எடுக்கிறார்கள். அந்தத் தீவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் துறைமுகத்தருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு நட்டது. நம் வணிகர் அங்கே போய்க் கல் நடும் அளவுக்கு வாசனைச் சரக்கில் காசு இருந்தது. கிராக்கி இங்கேயும் குறைவில்லை: திருக்கடவூர்க் குங்கிலியக்கலயர், வீட்டுக்கு நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அந்த அம்மையார் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

வரிசைக்கு வருவோம். நொச்சி, வேப்பிலை போன்ற காய்ந்த இலைகள் உருகாது, கனன்று புகையும். கொசு விரட்டத்தான் போடுகிறோம் என்பதால் தணல் துடிப்பாக இருக்கும்போதே போடலாம். சாம்பல் படிந்தபின் சாம்பிராணியும் குங்கிலியமும். சந்தனத் தூள், வெட்டிவேர் கடைசி. மீதிச் சூடே போதும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் தசாங்கம் பத்துச் சரக்குக் கலவை. கடைக்குக் கடை செய்முறை மாறும். சர்க்கரை சேர்த்த கலவை சூட்டில் நன்றாக மணக்கும், கொஞ்சம் தவறினால் கருகிக் கசந்த வாடை விடும்.

நேரத்தில்தான் மந்திரம் வருகிறது என்பது என் கட்சி. மொத்தமாகக் கொட்டினால் பிசின் உருகி வழிந்து தணலை மூடி அணைத்துவிடும். ஒரு வரி சொல்லி ஒரு சிட்டிகை, இன்னொரு வரி சொல்லி இன்னொரு சிட்டிகை என்று போட்டால் தணல் மூச்சுவிட இடைவெளி கிடைக்கும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் அளவு தப்பாது. பூசை வரிசையில் தூபம், அடுத்துத் தீபம், பிறகு நைவேத்தியம். மூக்கு ஒரே மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகி மரத்துவிடும் என்பதால், அது விழித்திருக்கும் நேரத்திலேயே அடுத்ததற்கு நகர்ந்துவிடுவது நல்ல ஏற்பாடு. மணத்துக்கும் நினைவுக்கும் மூளையில் கிட்டத்து உறவு. வெள்ளிக்கிழமைதோறும் இதே புகையில் உட்கார்ந்தவருக்கு முதல் இழையிலேயே மனம் பூசைக்குத் தயாராகிவிடும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குந்துருக்கம் என்ற வேறொரு தூபப் பிசினில் உள்ள இன்சென்சோல் அசிடேட் எலிகளின் பதற்றத்தைக் குறைத்தது. ஆனால் பிரித்தெடுத்த பொருளை ஊசிவழி செலுத்திப் பார்த்தது அது. தூபக்கால் புகைக்கு அப்படியே பொருத்திப் பேச முடியாது.

கண்ணேறு கழிப்பதில் தாளிப்புச் சாமான்களே நேராக வந்துவிடுகின்றன. உப்பு, கடுகு, மிளகாய் வற்றல். உப்புக் கல்லுக்குள் சிறைப்பட்ட நீரும் கடுகின் ஈரமும் ஆவியாகிப் படபடவென்று வெடிக்கும். ‘பார், எத்தனை கண்!’ என்பார்கள். மிளகாய் நெடி வராவிட்டால் திருஷ்டி பலம் என்று கணக்கு. சுவாலை விட்டு எரியும் அடுப்பில் போட்டால் காரப் பொருளும் எரிந்துபோய் நெடி அடங்கும், மந்தமான தணலில் போட்டால் வீடே இருமும். ஆகவே திருஷ்டியின் அளவை அடுப்பு முடிவு செய்கிறது. சொன்னால் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள். கழித்துவிட்டோம் என்ற நிம்மதியில் குழந்தையும் தாயும் தூங்குவதை நானும் மறுக்கமாட்டேன்.

தலைக்கு ஊற்றிய கைக்குழந்தையைப் புகைமேல் காட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஈரம் துவட்டத் துண்டு போதும். சாத்திய அறையில் தணல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது என்பதால் சன்னல் திறந்திருக்க வேண்டும். இப்போது தூபக்காலுக்குப் பதிலாக வந்திருக்கும் கப் சாம்பிராணியில் கரித்தூளும் பிசினும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சூடு நம் கையில் இல்லை. நீறு பூக்கும்வரை காத்திருக்கவும் வழியில்லை. முதலில் நன்றாக மணக்கும், போகப்போகக் கரி வாடை தலைதூக்கும். அந்த வாடை வந்ததும் இடுக்கியால் எடுத்து வாசலில் வைத்துவிடலாம்.