அடுப்பும் சாம்பலும்

'அடு' என்னும் பகுதிக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. சமைத்தல் ஒன்று, கொல்லுதல் மற்றொன்று. அட்டில், அடிசில், அடுப்பு என்பன முதற்பொருளிற் பிறந்தவை. இரண்டாம் பொருளும் அடுப்பினுள்ளேயே ஒளிந்திருக்கின்றது என்பதை என் அன்னையாரின் இருமல் எனக்குக் கற்பித்தது. பலாபத்வலவில் எங்கள் அடுக்களை, புகைபோக்கி இல்லாத சிற்றறை. அங்கே நாற்பது ஆண்டுகள் ஊதுகுழல் பிடித்த அவர், இறுதிக் காலத்தில் மூச்சுக்கு மிக வருந்தினார். இத்தகைய வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

சில காலத்திற்கு முன், கனடாவில் வாழும் என் தமக்கையின் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். முற்றத்திலே இரும்புப் பெட்டி ஒன்று நின்றது.

"மாமா, இது பெலட் கிறில். இறைச்சி வாட்டும் அடுப்பு" என்றான்.

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குளிகைகளே அதன் விறகு. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இளகித் தூளைப் பிணைக்கின்றது. திருகுதண்டு ஒன்று குளிகைகளைச் சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்துள் தள்ளும், மின்னாற் காயும் கோல் பற்றவைக்கும், விசிறி காற்றூட்டும். 1980களில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் டிரேகர் குடும்பத்தார் உருவாக்கிய கருவி இது. புதியனவற்றிலே சிறு கணினி ஒன்று வெப்பத்தை ஓயாது அளந்து குளிகையைக் கூட்டியும் குறைத்தும் ஊட்டுகின்றது. இறைச்சியிற் குத்திய ஊசி, வெந்த பதத்தைக் கைபேசிக்கு அறிவிக்கின்றது. அன்னையாரின் ஊதுகுழலை இயந்திரம் ஏற்றுக்கொண்டதென வியந்தேன்.

ஆயினும் அன்று அது வெண்புகை கக்கி அணைந்தது. மருமகன் கைபேசியைத் தட்டியவண்ணம் நின்றான்.

"சாம்பல் அள்ளினாயா, தம்பி?"

"அதையும் அள்ளவேண்டுமா, மாமா?"

மின்னிணைப்பை நீக்கி, அடுப்பு முற்றும் ஆறியபின் தட்டுகளை அகற்றினோம். தீக்கிண்ணத்தின் காற்றுத் துளைகள் தூர்ந்திருந்தன. பற்றவைக்கும் கோல் சாம்பலிற் புதைந்திருந்தது. அள்ளினோம். கொழுப்பு வடியும் தட்டையும் சுரண்டினோம். தேங்கிய கொழுப்புத் தீப்பற்றினால் அடுப்பே எரியும். ஈரம்பட்டு ஊதி மாவான குளிகைகளையும் களைந்தோம். அவை திருகுதண்டை அடைத்துவிடும். அதன்பின் அடுப்பு செவ்வனே எரிந்தது. மருமகன் என்னைப் பொறியியலாளன்போல் நோக்கினான். யான் அறிந்ததோ அன்னையார் வைகறைதோறும் செய்த வேலை மட்டுமே: சாம்பல் அள்ளுதல், பின் மெழுகுதல்.

2022இல் இலங்கையில் எரிவாயு கிட்டாது போனபோது எங்கள் வீடும் விறகுக்குத் திரும்பியது. 'அணகி' என்னும் இருவாய் மண்ணடுப்பு வாங்கினோம். விலைமதிப்பற்றது என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். ஒரு தீயே இரு கலங்களையும் காய்ச்சுவதால் விறகு குறையும். ஆனால் அதுவும் சாம்பல் தேங்கினால் மூச்சடைத்துப் புகையும். என் மனைவி இருமத் தொடங்கியபோது எனக்கு நெஞ்சம் துணுக்குற்றது. அன்னையாரின் இருமலை அடுத்த அறையில் நூலோதியவாறு கேட்டிருந்தவன் நான். ஒரு நாளேனும் அவர் கையிலிருந்து அகப்பையை வாங்கிச் சாம்பல் அள்ளியதில்லை.

சுவரைத் திறந்து புகைபோக்கி வைத்தேன். எரிவாயு மீண்டும் வந்துவிட்டது; எனினும் சோறு மண்ணடுப்பிலேயே வேகின்றது. வைகறையிற் சாம்பல் அள்ளுவது இப்போது என் பணி.